தோரோவின் குடிசைக்கு யார் பெயரில் பட்டா? நகரத்தை விட்டு நிலத்துக்குப் போக நினைப்பவருக்கு

ஊரை விட்டு ஒதுங்கி எளிமையாக வாழ்ந்தவரின் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்த கையோடு நிலத் தரகருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் புத்தகங்கள் அவரைச் செடியை எப்படி நடுவது, கூரையை எப்படி வேய்வது என்றெல்லாம் சொல்லும். நிலத்தை விற்கிறவருக்கு எத்தனை தங்கைகள், அவர்கள் கையெழுத்துப் போட்டார்களா என்று சொல்லாது. தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கிக் குடியேற நினைப்பவர் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த இரண்டாவது வகை விஷயங்களில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் புத்தகத்துக்கு ஒரு படிதான். மீதி எல்லாம் காகிதமும் தண்ணீரும் பணமும்.

1. புத்தகத்தைக் கணக்கு நோட்டாகப் படியுங்கள்

படித்த புத்தகத்தை மறுபடி எடுத்து, நான்கு கேள்விகளுக்குப் பென்சிலால் விடை எழுதுங்கள். நிலம் யாருடையது? கையில் புரண்ட ரொக்கம் எங்கிருந்து வந்தது? கணக்கில் வராத வேலையை யார் செய்தார்கள்? எத்தனை நாள் அங்கே இருந்தார்?

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்ததைப் பற்றி எழுதிய ‘வால்டன்’ இதற்கு நல்ல பயிற்சி. தோரோ ஒளிக்காமல் கணக்குக் கொடுத்தவர். 10 அடிக்கு 15 அடி வீட்டுக்கான பொருள்கள் 28 டாலர் 12½ சென்ட். வீட்டோடு சேர்த்து விதை, உழவு, எட்டு மாதச் சாப்பாடு, துணிமணி, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் 61 டாலர் 99¾ சென்ட். விளைச்சலில் வந்தது 23 டாலர் 44 சென்ட். நில அளவை, தச்சு, கூலி வேலை என்று ஊருக்குள் போய்ச் சம்பாதித்தது 13 டாலர் 34 சென்ட். ஆக, 25 டாலர் 21¾ சென்ட் துண்டு விழுகிறது. துணி துவைத்த, தைத்த செலவு இதில் இல்லை. அது பெரும்பாலும் வெளியே நடந்தது, பில் இன்னும் வரவில்லை என்கிறார். நிலத்துக்கு வாடகையும் இல்லை, ஏனென்றால் நிலம் நண்பர் எமர்சனுடையது. இருந்த காலம் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை.

மற்றப் புத்தகங்களிலும் இதே சங்கதிதான். ஜப்பானிய இயற்கை விவசாயி மசானபு ஃபுகுவோகா ஒன்றும் செய்யாமல் விட்டுப் பார்த்ததில் முதலில் பட்டுப்போனவை அப்பாவின் ஆரஞ்சு மரங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய, தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையின் 1,100 ஏக்கரை 1910இல் வாடகையில்லாமல் கொடுத்தவர் அவருடைய நண்பர் கல்லன்பாக். இது அவர்களுக்குக் குறை ஆகாது. ஆனால் உங்களுக்கு எமர்சனும் கல்லன்பாக்கும் இல்லை என்றால் நிலத்தின் விலையும் முதல் இரண்டு வருடச் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான் ஏறும். நிலத்துக்கும் வேலிக்கும் போர்வெல்லுக்கும் செலவு செய்த பிறகு, பயிர் வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் 24 மாதம் சாப்பிடக் கையில் பணம் இருக்குமா? இருக்காது என்றால் இரண்டாவது படிக்குப் போகாதீர்கள். கடன் வாங்கி எளிமையாக வாழ முடியாது.

2. ஒரே நிலத்தை இரண்டு பருவத்தில் பாருங்கள்

அலாஸ்காவில் 1992 ஏப்ரலில், காட்டில் தனியாக வாழப் போன அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கண்ட்லஸ் டெக்லனிகா ஆற்றைக் கடந்து உள்ளே போனார். ஜூலையில் திரும்பியபோது ஆறு பெருகி ஓடியது, கடக்க முடியவில்லை. ஒரு மைலுக்குள்ளேயே கம்பியில் தொங்கும் கூடை ஒன்று இருந்தது. கையில் விரிவான வரைபடம் இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் அங்கேயே இறந்தார்.

நம் ஊரில் உயிர் போகாது, வண்டிதான் போகாது. சித்திரையில் கார் ஓட்டிப் போன ஓடை ஐப்பசியில் இடுப்பளவு ஓடும். கரிசல் மண் பாதை ஒரு மழைக்கே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மே மாதம் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை நடுவில் ஒரு தடவை. இரண்டு முறையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மே மாதத்தில் பார்க்க வேண்டியது தண்ணீர். “வற்றாத கிணறுங்க” என்ற வார்த்தைக்கு மதிப்பே இல்லை. மோட்டாரைப் போட்டு, எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது, பழைய மட்டத்துக்கு ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுவிடலாம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 தென்னை. கோடையில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் வைத்தால் 5,600 லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு வாய்க்காலில் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் கிணறு இதில் எதற்குத் தாங்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். குடிக்க, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. பாசனத்துக்கு, உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் (டெசிசீமென்/மீட்டர் அளவில்) 0.75 வரை கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் தென்னை மாதிரி உப்பைத் தாங்குகிற சிலதைத் தவிர மற்றவற்றை மறந்துவிடுங்கள். மண்ணும் அப்படியே: பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சுரண்டி எடுத்துக் கலந்து அரைக் கிலோ. வரப்போரம், எருக்குழி, மரநிழல் மண்ணைச் சேர்க்கக் கூடாது.

3. பார்க்கவே போகக் கூடாத நிலங்கள்

விலை அக்கம்பக்கத்தைவிடப் பாதியாக இருந்தால் காரணம் இருக்கும். பஞ்சமி நிலம் (பிரிட்டிஷ் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியது) என்றால் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கவே முடியாது, வாங்கினால் செல்லாது. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா, பூமிதான நிலம், கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஏரி உள்வாய், நில உச்சவரம்பில் எடுத்த நிலம் இவை எதிலும் “எல்லாரும் வாங்கியிருக்காங்க சார்” என்ற பேச்சை நம்பாதீர்கள். மலைப்பகுதி ஆசை உள்ளவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது இரண்டு: கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா, நிலம் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து ஜென்ம நிலம் (பழைய நிலக்கிழார் உரிமையில் இருந்தது) தனி உலகம், புதியவர் தொட வேண்டாம்.

பண்ணை நிலம் என்ற பெயரில் 20 சென்ட், 25 சென்டாகக் கூறு போட்டு, பராமரிப்பையும் நாங்களே பார்க்கிறோம் என்று விற்பது இப்போது பெருகியிருக்கிறது. பத்திரத்தில் ‘பிரிபடாத பங்கு’ என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது நிலமல்ல, கூட்டாளிகள்.

விவசாயி அல்லாதவரும் தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு தம்பி பெயரில் வாங்கிப் போட்டால் அது தம்பியின் நிலம்.

4. காகிதங்களைப் பார்க்கும் வரிசை

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு இந்த ஐந்தையும் முதலில் வாங்குங்கள். புல எண் தரத் தயங்கும் தரகரோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இவை இருந்தால் முதல் சலிப்பை வீட்டிலிருந்தே காசில்லாமல் முடித்துவிடலாம்.

முதலில் தமிழ்நில இணையதளத்தில் பட்டா. விற்பவர் பெயர் மட்டும் இருக்கிறதா, கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும்: 0.40.50 என்றால் ஒரு ஏக்கர். அடுத்து ‘அ’ பதிவேடு. நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), அரசுடையதா, நன்செய்யா, புன்செய்யா என்பது அங்கே தெரியும். பிறகு புலப்படம், அதாவது அந்தப் புல எண்ணின் அளவை வரைபடம்.

அடுத்து பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம். 1975இலிருந்து இணையத்தில் பார்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் தேடுவது பெரிய பிழை. இன்றைய 112/3பி, உட்பிரிவுக்கு முன் 112/3. அதற்கும் முன் வெறும் 112. பழைய எண்கள் அனைத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். வில்லங்கம் இல்லை என்று வந்தாலும் அது பதிவான ஆவணங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பதியாத உயில், வாய்மொழிப் பாகம், நிலுவை வழக்கு, கைமாற்றுக் கடனுக்குப் பத்திரத்தைக் கொடுத்து வைத்திருப்பது எதுவும் அதில் வராது.

அதனால்தான் மூலப்பத்திரம், அதாவது விற்பவருக்கு நிலம் வந்த பழைய பத்திரங்கள். குறைந்தது 30 வருடத்துக்குக் கை மாறிய வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் பரப்பையும் நான்கெல்லையையும் ஒப்பிடுங்கள். 1 ஏக்கர் 12 சென்ட் வாங்கியவர் அடுத்த பத்திரத்தில் 1 ஏக்கர் 30 சென்ட் விற்றிருந்தால் அந்த 18 சென்ட் பக்கத்துக்காரருடையது. அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். “பேங்க் லாக்கரில் இருக்கு” என்றால் எடுத்து வரும்வரை பொறுங்கள். நகல் பத்திரம் காட்டினால் அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக, கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று பசலிக்கு (வருவாய்த் துறை ஆண்டுக்கு) அடங்கல், அதாவது பயிர்ப் பதிவேடு. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். அடங்கலில் உள்ள பயிரும் வயலில் நிற்கிற பயிரும் ஒன்றா, பயிர் வைக்கிறவர் நில உரிமையாளர்தானா என்று கேளுங்கள். வேறொருவர் குத்தகைக்கு உழுகிறார் என்றால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கலாம். அவரிடமிருந்து உரிமை விட்டதற்கான எழுத்து இல்லாமல் வாங்கினால், பத்திரம் உங்களிடம் இருக்கும், நிலம் அவரிடம் இருக்கும்.

இவ்வளவையும் ஒரு கட்டாகக் கட்டி, அந்தத் தாலுகா நீதிமன்றத்திலேயே வழக்காடும் வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து எழுத்தில் வாங்குங்கள். தரகர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

5. யார் யார் கையெழுத்து?

கிரயம் ரத்து கேட்டு வரும் வழக்குகளில் வாதி பெரும்பாலும் கட்டிக்கொடுத்த மகள்தான், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே சம பங்கு என்பது 2005 திருத்தம். திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே பட்டாவில் அண்ணன் தம்பி பெயர் மட்டும் இருந்தாலும், இறந்தவரின் வாரிசுச் சான்றைக் கேட்டு, அதில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் சேர வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் காட்ட வேண்டும். “தங்கச்சிக்கு நகை போட்டுச் செஞ்சாச்சு” என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்து, அவர் பெயரில் தனியாகப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அவர் மேஜர் ஆன மூன்று வருடத்துக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். பவர் ஏஜெண்டிடம் வாங்குவதாக இருந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சமீபத்திய சான்றும், பவர் ரத்தாகவில்லை என்பதற்குப் பதிவு நாளன்று எடுத்த வில்லங்கமும் தேவை. முடிந்தால் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவுதான்.

6. கல், பாதை, கிணற்றுப் பங்கு

முன்பணத்துக்கு முன்பே அளந்துவிடுங்கள். அரசு நில அளவையருக்கு விற்பவர்தான் மனுப் போட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். தனியார் அளவையரை வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம், ஆனால் தகராறு வந்தால் அந்த அளவைக்கு மதிப்பு குறைவு. அளக்கும்போது நான்கு பக்கத்துக்காரரும் நிற்கட்டும். பிற்பாடு உங்கள் மாட்டைப் பிடித்துக் கட்டப்போகிறவர்கள் அவர்கள்தான், இப்போதே முகம் பழகட்டும்.

பாதை புலப்படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் நடந்துபோனது அடுத்தவர் வரப்பு. “காலங்காலமா இந்த வழியாத்தான் போறோம்” என்ற பேச்சை மட்டும் நம்பிப் புதிதாக வருகிறவர் இருக்க முடியாது. பாதை தருகிறவரையும் பத்திரத்தில் சேர்த்து, எந்தப் புல எண்ணில், எந்த எல்லையோரம், எத்தனை அடி அகலம் என்று எழுத வைக்க வேண்டும். லாரி வர 12 அடி, நெல் அறுக்கும் இயந்திரம் வர இன்னும் கூட.

கிணறு பொதுவென்றால் பங்கு எவ்வளவு, முறை எந்தக் கிழமை, மோட்டார் யாருடையது என்று மூன்றையும் எழுதுங்கள். இலவச விவசாய மின் இணைப்பு இருந்தால் இணைப்பு எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிட்டுப் பெயர் மாற்றத்துக்குச் சம்மதம் வாங்குங்கள். புதிதாகக் கேட்டால் பல வருடம் காத்திருக்க நேரும். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு பல்பு எரித்தாலும் குற்றம், அபராதம் உண்டு. வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். வீடு கட்டும் அனுமதி பற்றி வாங்கும் முன்பே ஊராட்சியில் விசாரித்துவிடுங்கள்.

நிலத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாக இருந்தால் 1,071 அடி. பத்தடிக்கு ஒரு கல் என்றால் 84 கல் நடுகிற இடத்தில் 107 கல், ஐந்து வரிசை முள்கம்பி என்றால் கூடுதலாக 1,180 அடி கம்பி. வாலாக நீண்ட நிலத்துக்கு விலையில் குறைத்துப் பேசுங்கள்.

7. ஒப்பந்தம், பணம், பதிவு

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு பேர் சாட்சி போட்டது போதாது. காலக்கெடு பொதுவாக மூன்று மாதம். கூட்டுப்பட்டாவைத் தனிப்பட்டாவாக்கி வாங்குவதாக இருந்தால் ஆறு மாதம் கேளுங்கள், உட்பிரிவு இழுக்கும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம் என்று சொன்னால் விற்பவரும் ஒத்துக்கொள்வார்.

கிரயச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திர மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 20 லட்சத்துக்கு 1,40,000மும் 40,000மும் சேர்த்து 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இது 2025 ஏப்ரல் முதல். எழுத்தர் கூலி, தரகு, அளவைச் செலவு தனி. தரகு எத்தனை சதவீதம், யார் தருவது என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

பத்திர வரைவை மூன்று நாள் முன்னால் வாங்கி, புல எண், பரப்பு, நான்கெல்லை, பாதை, கிணறு, மின் இணைப்பு ஆறையும் விரல் வைத்து வாசியுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், விற்றவர் மறுபடி வர வேண்டும், வரமாட்டார். முகூர்த்த நாளில் அலுவலகம் திருவிழா போல இருக்கும். ஆடி மாதத்தில் காலியாக இருக்கும். உங்களுக்குச் சகுனம் கிடையாது என்றால் ஆடியே வசதி, விற்பவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு.

8. பதிந்த பிறகு

பத்து நாள் கழித்து வில்லங்கம் போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவு இல்லாத முழு எண் என்றால் பட்டா மாறுதல் தானாகவே நடக்கும். உட்பிரிவு இருந்தால் நில அளவையர் வர வேண்டும், மனு எண்ணை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை நிலையைப் பாருங்கள். மாதக்கணக்கில் நகரவில்லையா, மே, ஜூன் வாக்கில் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கையில்) மனுக் கொடுங்கள்.

பட்டா கைக்கு வந்ததும் சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இது இருந்தால் சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம், இல்லையென்றால் 75. தொழு எருவுக்கோ கூலிக்கோ ஊரில் கடன் சொல்வதற்கு முன் இந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சோதிக்க முடியாது என்று வங்கி தகராறு செய்யும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மட்டும் நிலத்தில் வையுங்கள். கூரை வீட்டில் அசலை வைத்தால் கரையான் அதைப் படித்து முடித்துவிடும்.